பூதமாக நடித்தது பூதமே

முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள விரும்பும் ஒருவர், முதலில் தாம் பூதமாக இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அரசியலமைப்பில் இல்லை, மோட்டார் வாகனச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் 1998-ஆம் ஆண்டு பெங்களூரில், அல்சூர் ஏரிக்குப் போகும் வழியில் உள்ள ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், அந்த நிரூபணம் பதினோரு மாதம் நடந்தது. அதற்கு நான் சாட்சி. சாட்சி மட்டுமல்ல, அதற்கான தாள்களையெல்லாம் டைப் அடித்தவனும் நானே.

என் பெயர் நாராயணசாமி. மேற்படிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் ஒரு மேஜையும் டைப்ரைட்டரும் போட்டு மனு எழுதிக்கொடுப்பது என் தொழில். தமிழில் சொன்னால் கன்னடத்தில் எழுதுவேன், கன்னடத்தில் சொன்னால் இங்கிலீஷில் எழுதுவேன், அழுதால் மூன்றிலும் எழுதுவேன். மாடியில் இருந்த அலுவலகத்தின் பெயர் 'சலனசித்திர கலாவிதர க்ஷேமாபிவிருத்தி மண்டலி'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வந்தவருக்கு வந்த காரியம் மறந்துபோகும் என்பதால் நாங்கள் மண்டலி என்றே சொல்வோம். சினிமாவில் நடித்தவர்களுக்கு உடம்புக்கு வந்தால் இலவசமாக வைத்தியம் பார்த்துக்கொள்ள ஓர் அட்டை கொடுப்பது அதன் நோக்கம். கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் தேடுவது அதன் அன்றாட வேலை. மண்டலியின் டைப்பிஸ்ட் நீண்ட விடுப்பில் போய், அந்த விடுப்பிலேயே ரிடையரும் ஆகிவிட்டதால், மனுக்களை நிராகரிக்கும் கடிதங்களையும் கீழே என்னிடமே அனுப்பி டைப் அடித்துக்கொண்டார்கள். காலையில் கேட்பேன், மாலையில் மறுப்பேன். எனக்கு அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை, உத்தமன் வரும்வரை.

உத்தமன் மர்பி டவுனில் என் தெருக்காரர். அடுகோடிப் பகுதியில் ஒரு லாரி பட்டறையில் மெக்கானிக். உயரம் ஆறடி மூன்றங்குலம். அதற்கு மூன்று வருஷத்துக்கு முன் மஞ்சுநாத் என்ற சினிமா டைரக்டர் தன் காரை ரிப்பேருக்கு விட அந்தப் பட்டறைக்குப் போயிருக்கிறார். ஒரு லாரிக்கு அடியிலிருந்து உத்தமன் வெளியே வந்தார். வந்தார், வந்தார், வந்துகொண்டே இருந்தார். டைரக்டர் அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

படத்தின் பெயர் 'மாடியில் யாரோ'. கன்னடத்தில் எடுத்துத் தமிழிலும் விட்டார்கள். புருஷனை இழந்த ஒரு பேங்க் மேனேஜரம்மா பழைய பங்களாவில் தனியாக இருப்பார். மாடியில் காலடி ஓசை கேட்கும். இடைவேளைக்குப் பிறகு பூதம் படியில் இறங்கி வரும். அந்தப் பூதம்தான் உத்தமன். உடம்பு முழுக்கத் தேங்காய் நார், தலைக்கு ரப்பர் முகமூடி, கண்களில் இரண்டு சிவப்பு பல்பு. பல்பு எரிய வேண்டுமே, அதற்காக முதுகில் ஒரு கார் பேட்டரியைக் கட்டிவிட்டார்கள். நாற்பத்தொரு நாள் அதைச் சுமந்து அவர் படி ஏறினார், இறங்கினார். நாற்பத்திரண்டாம் நாள் அவரால் தன் செருப்பைக் குனிந்து எடுக்க முடியவில்லை.

விளம்பரத்துக்காக மஞ்சுநாத் ஒரு காரியம் செய்தார். படத்தின் டைட்டிலில், நடிகர் பட்டியலின் கடைசியில், 'பூதமாக நடித்தது: பூதமே' என்று போட்டார். தியேட்டரில் கைதட்டினார்கள். உத்தமனும் கைதட்டினார், எங்கள் தெருவில் முப்பது பேரை அழைத்துக்கொண்டு போயிருந்தார். திரும்பி வரும்போது அதில் ஒருவர்கூட அது உத்தமன் என்று நம்பவில்லை.

முதுகு வருஷத்துக்கு வருஷம் மோசமாகி, 98-இல் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். தண்டுவடத்தில் எலும்பு அழுத்துகிறது, வருஷத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் இரண்டும் போய்விடும், தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது. அவர் மனைவி வனஜா அகர்பத்தி கம்பெனியில் வேலை செய்பவர், பேச்சில் சுருக்கமானவர். மண்டலியின் அட்டை இருந்தால் ஆபரேஷன் இலவசம் என்று கேள்விப்பட்டு, புருஷனை ஆட்டோவில் ஏற்றி நேராக என் மேஜைக்கு அழைத்து வந்துவிட்டார்.

படிவத்தில் ஏழாவது பத்தி 'ஏற்ற பாத்திரம்'. நான் 'பூதம்' என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். தொழில் பெருமையில், 'கர்நாடக மாநிலத்தையே நடுநடுங்கச் செய்த' என்று முன்னால் சேர்த்துக்கொண்டேன்.

மண்டலியின் அதிகாரி கிருஷ்ணப்பா. கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒரு முடிவு எடுத்தால் அதற்குத் தாமே பொறுப்பாகிவிடுவோமே என்ற அச்சம் மட்டும் அவருக்கு உண்டு. படத்தின் காஸெட்டைப் போட்டு டைட்டிலை மூன்று முறை பார்த்துவிட்டு, இதில் உங்கள் பெயர் இல்லையே என்றார். நடித்தது பூதமே என்றுதான் இருக்கிறது என்று தம் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"அது சும்மா விளம்பரத்துக்கு சார். நான்தான் அது," என்றார் உத்தமன்.

"இருக்கலாம்ரீ. ஆனா ரெக்கார்டு பிரகாரம் பூதமே ஆக்ட் பண்ணிருக்கு. அப்போ பூதம்தானே அப்ளை மாடணும்? நாளைக்கு அது வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

டைரக்டரிடம் கடிதம் வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த மூன்று வருஷத்தில் பெங்களூர் மாறிவிட்டிருந்தது. தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் கிளாஸ் வந்தது, ஒயிட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடம் வந்தது, கூடவே மனசும் வந்தது. முன்பெல்லாம் நம் ஊரில் ஜனங்களுக்குத் தலைவலி வரும். இப்போது ஸ்ட்ரெஸ் வந்தது. பேயை நம்புகிறேன் என்று வெளியில் சொல்வது, டெரிகாட்டன் பெல்பாட்டம் போட்டுக்கொண்டு எம்.ஜி. ரோட்டில் நடப்பதற்குச் சமமாகிவிட்டது. 'மாடியில் யாரோ' ஒரு வெளிநாட்டு விழாவுக்குப் போனது. அங்கே யாரோ ஒருவர், அந்தப் பூதம் பூதமல்ல, விதவையின் தனிமை என்று எழுதிவிட்டார். அதைப் படித்த பிறகுதான் மஞ்சுநாத்துக்கே தாம் என்ன படம் எடுத்தோம் என்று தெரிந்தது. தாடி வளர்த்தார், ஜோல்னாப் பை மாட்டினார், கூட்டங்களில் பேசினார்.

நானும் உத்தமனோடு போயிருந்தேன். மஞ்சுநாத் அன்பாகத்தான் உட்காரச் சொன்னார். ஆனால் தம் படத்தில் பூதம் என்று எதுவுமே இல்லை என்றார்.

"அப்போ நான் யாரு சார்?" என்று உத்தமன் கேட்டார்.

"நீங்க அந்தப் பொம்பளையோட அடக்கி வெச்ச துக்கம்."

"நாப்பத்தோரு நாளும் துக்கமாவா சார் இருந்தேன்?"

"ரொம்ப நல்லா இருந்தீங்க."

கடிதமும் கொடுத்தார். 'திரு. உத்தமன் அவர்கள் மேற்படி திரைப்படத்தில் கதாநாயகியின் அடக்கப்பட்ட துக்கமாகச் செவ்வனே பணியாற்றினார் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.' முத்திரையும் குத்தியிருந்தது.

கிருஷ்ணப்பா கடிதத்தை மரியாதையோடு வாசித்தார். பிறகு விதிப் புத்தகத்தின் பின்னிணைப்பை எடுத்தார். தகுதியுள்ள பாத்திரங்கள் அதில் வரிசையாக இருந்தன. கதாநாயகன், கதாநாயகி, வில்லன், சிரிப்பு நடிகர், கூட்டத்தில் ஒருவர், குதிரை (பயிற்சியாளருடன்), பிணம். துக்கம் இல்லை. இருப்பது பூதமா, துக்கமா, அதாவது அமானுஷ்யமா, உளவியலா என்பது தீர்மானமாகாமல் கோப்பை நகர்த்த முடியாது என்றார். அமானுஷ்யம் என்றால் பூதம் தனியாக இருக்கிறது, உத்தமன் தேவையில்லை. உளவியல் என்றால் பூதமே இல்லை, இல்லாத ஒன்றாக யாரும் நடித்திருக்க முடியாது.

எதுவானாலும் என் புருஷனுக்கு அட்டை கிடையாது, அப்படித்தானே என்று வனஜா கேட்டார். அப்படி இல்லை, முறைப்படி பரிசீலித்த பிறகுதான் கிடையாது என்றார் கிருஷ்ணப்பா.

பரிசீலனைக்கு ஒரு நிபுணர் குழு அமைத்தார்கள். கிருஷ்ணப்பா தலைவர். மஞ்சுநாத் உறுப்பினர். மனநல ஆலோசகர் ரக்ஷிதா மேடம் இன்னோர் உறுப்பினர். அவர் அப்போது நகரத்தில் ரொம்பப் பிரபலம், கம்பெனி கம்பெனியாகப் போய் எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விடச் சொல்வார். அவர் உத்தமனைத் தனியாக அழைத்துப் பரிசோதித்தார். அந்த உரையாடலை மினிட்ஸில் நானே டைப் அடித்தேன்.

"உங்க முதுகுல நீங்க உண்மையில எதைச் சுமக்கிறீங்க?"

"பேட்டரி மேடம்."

"உங்க வாழ்க்கையில அந்த பேட்டரி யாரு?"

"யாரோ டாக்ஸியில இருந்து கழட்டினாங்க மேடம். யார் வண்டின்னு தெரியல."

பூதம் உளவியல் என்பதால் அதன் முதுகு வலியும் உளவியலே என்று மேடம் அறிக்கை கொடுத்தார். பேட்டரியை மன்னித்து அதற்கு ஒரு கடிதம் எழுதும்படி உத்தமனுக்குச் சொல்லப்பட்டது. அதையும் நான்தான் எழுதிக்கொடுத்தேன். 'மதிப்பிற்குரிய பேட்டரி அவர்களுக்கு' என்று ஆரம்பித்ததாக ஞாபகம். வலி குறையவில்லை. உத்தமன் இப்போது நடப்பதற்கு ஒரு தடி வைத்துக்கொண்டார், இடது காலைத் தரையில் இழுத்து இழுத்துப் போட்டார்.

குழு மாதம் ஒருமுறை கூடி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, போண்டா சாப்பிட்டுக்கொண்டே படத்தைப் பார்த்தது. ஆறாவது கூட்டத்தில் பூதம் அறுபது சதவீதம் உளவியல் என்று முடிவாகி, ஏழாவது கூட்டத்தில் அது ஐம்பதாகக் குறைந்தது. இதற்குள் இந்த அறிவு மண்டலி முழுக்கப் பரவிவிட்டது. அலுவலகத்தில் காணாமல் போன கோப்புகளை அமானுஷ்யம் என்ற தலைப்பில் பதிவு செய்தார்கள். கொடுத்தோம் என்று மனுதாரர்கள் அடித்துச் சொன்ன கோப்புகளை உளவியல் என்று பதிவு செய்தார்கள். நிலுவை என்ற தலைப்பில் எதுவுமே பாக்கி இல்லை என்று மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

எட்டாவது கூட்டத்தில், மனுதாரரைப் பூத உடையில் நேரில் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று யாரோ சொல்ல, அடுத்த மாதம் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு 'உரிய உடை, கண் மற்றும் பேட்டரி சகிதம்' ஆஜராகும்படி உத்தமனுக்கு நோட்டீஸ் போனது. கிருஷ்ணப்பா கையெழுத்துப் போட்டார். தாங்கள் அனுப்பும் நோட்டீஸைத் தாங்களே படிப்பது மண்டலியில் வழக்கமில்லை.

வனஜா வேண்டாம் என்றுதான் சொன்னார். குடம் தூக்கக் கூடாதவர் பேட்டரி தூக்குவதா என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். உத்தமன் கேட்கவில்லை. இந்த ஒரு தடவைதான், பார்த்துவிட்டால் கொடுத்துவிடுவார்கள் என்றார். பட்டறைப் பரணில் கிடந்த உடையை எடுத்தோம். நாரை எலி கொஞ்சம் தின்றிருந்தது. முகமூடியின் பின் கொக்கி துருப்பிடித்திருந்தது, ஒரு தட்டு தட்டி மாட்டினோம். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முன்னால் அவர், பின்னால் பேட்டரியைத் தாங்கிக்கொண்டு நான், எனக்குப் பின்னால் கோப்போடு வனஜா. ஒவ்வொரு படிக்கும் அவர் நின்று, மூச்சு வாங்கி, காலை இழுத்து வைத்தார். அவர் முகமூடிக்குள் அழுதுகொண்டிருந்தார். எனக்குக் கேட்டது.

மேலே குழு ஒன்பதாவது முறையாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தது. திரைச்சீலை போட்டு அறை இருட்டாக இருந்தது. பேங்க் மேனேஜரம்மா மாடிப்படியில் காலடி ஓசை கேட்கும் கட்டம். கவனியுங்கள், இங்கே படியில் யாரும் இல்லை, எல்லாம் அவள் மனசில்தான் கேட்கிறது என்று மஞ்சுநாத் விளக்கிக்கொண்டிருந்தார். சரியாக அப்போது கரண்ட் போனது. டிவி அணைந்தது. காலடி ஓசை மட்டும் நிற்கவில்லை.

கதவு திறந்தது. இரண்டு சிவப்புக் கண்.

முதலில் ஓடியவர் மஞ்சுநாத். எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கியவர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரை நிற்கவில்லை என்று கேள்வி. ரக்ஷிதா மேடம் மேஜைக்கு அடியில் புகுந்து, அனுமாரில் ஆரம்பித்துத் தமக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டார். அங்கிருந்து தவழ்ந்தே வெளியேறினார். கிருஷ்ணப்பா பின்பக்க ஜன்னல் வழியாக சைக்கிள் ஸ்டாண்டில் குதித்தார். ஊழியர்கள் எப்போது போனார்கள் என்று தெரியவில்லை, அவர்கள் இருந்தபோதும் எங்களுக்குத் தெரிந்ததில்லை.

"சார், ஆஜராயிட்டேன் சார்," என்றார் உத்தமன், காலி அறையைப் பார்த்து.

அத்தோடு அவர் முதுகு பிடித்துக்கொண்டது. எதிரே இருந்தது கிருஷ்ணப்பாவின் நாற்காலி. அதில் அவரைச் சாய்த்தோம். முகமூடியைக் கழற்ற வனஜா கொக்கியோடு போராடினார், அது அசையவில்லை.

தாழ்வாரத்து பெஞ்சில் அன்று பதினாலு பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ஓடவில்லை. வருஷக்கணக்காக மண்டலிக்கு வந்து பழகியவர்களுக்கு அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் ஒன்றுதான். அதிகாரி காலியாக இருக்கிறார் என்று மட்டும் அவர்களுக்குப் புரிந்தது, வரிசையில் நின்றுவிட்டார்கள். முதலில் நோரா. நடனக் குழுவில் ஆடி முழங்கால் தேய்ந்துபோனவர், அட்டைக்காக இரண்டு வருஷமாக நடக்கிறார். கோப்பை மேஜைமேல் வைத்து, சீல் குத்தணும் சார் என்றார். உத்தமன் என்னைப் பார்த்தார். மேஜையில் சீல் இருந்தது. எடுத்துக் குத்தினார். எங்கே கையெழுத்து என்று கேட்டார், நோரா விரல் வைத்துக் காட்டினார். நகம் வைத்த கையுறையோடு அவர் போட்ட கிறுக்கல், கிருஷ்ணப்பாவின் கையெழுத்திலிருந்து அதிகம் வித்தியாசப்படவில்லை.

இருபது நிமிஷத்தில் பதினாலு மனுவும் முடிந்தன. மண்டலியின் வரலாற்றில் அப்படி ஒரு காலை இருந்ததில்லை. நோரா போகும்போது என் காதருகே வந்தார்.

"புது ஆபீசரா? கண்ணு கொஞ்சம் செவப்பா இருக்கு. ஆனா நல்ல மனுஷன்."

கடைசியாக வனஜா தம் கையிலிருந்த கோப்பைப் புருஷன் முன்னால் வைத்தார். உத்தமன் சீலைத் தூக்கினார். அப்போது நான், இருபத்தாறு வருஷமாக அந்தக் கட்டடத்துக் காற்றைக் குடித்த நான், வாயைத் திறந்தேன். எந்த அதிகாரியும் தம்முடைய மனுவைத் தாமே அனுமதிக்கக் கூடாது, விதி ஒன்பது என்று சொன்னேன். அந்த நேரம் பார்த்து என் வாயில் ஒரு கொழுக்கட்டை இருந்திருக்கக் கூடாதா. உத்தமன் சீலைக் கீழே வைத்துவிட்டார். நியாயம்தானே வனஜா என்றார்.

மறுநாள் குழு அவசரமாகக் கூடியது, ஆஸ்பத்திரியில், கிருஷ்ணப்பாவின் கட்டிலைச் சுற்றி. அவருக்குத் தண்டுவடத்தில் அடி. வந்தது உளவியல் என்று எழுதினால், அதிகாரி தம் மனசைக் கண்டு பயந்து ஜன்னலில் குதித்தார் என்றாகும், அது பணியில் பட்ட காயம் ஆகாது. ரக்ஷிதா மேடம் தமக்கே ஒரு சர்டிபிகேட் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும். உத்தமன் என்று எழுதினால், அவர்கள் கூப்பிட்ட மனிதனைக் கண்டு அவர்களே ஓடியதாக ஆகும். ஆகவே பூதம் அமானுஷ்யமே என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. முதலிலிருந்தே தாம் அதைத்தான் சொல்லிவந்ததாக மஞ்சுநாத் பதிவு செய்யச் சொன்னார். இரண்டாம் பாகம் எடுக்கப்போவதாகவும், நல்ல உயரமான ஆள் இருந்தால் சொல்லும்படியும் என்னிடம் சொன்னார். சீல் அசல் என்பதால் பதினாலு அட்டையும் செல்லும் என்றார்கள்.

உத்தமனின் மனுவுக்கான பதிலைச் சாயங்காலம் நான் டைப் அடித்தேன். 'பூதம் உண்மையில் இருப்பதாக இக்குழு நேரில் கண்டு உறுதி செய்துள்ளமையால், தாமே அப்பூதம் எனக் கூறும் மனுதாரரின் கூற்று பொய்யென நிராகரிக்கப்படுகிறது. மேலும் விசாரணை நாளன்று மனுதாரர் ஆஜராகவில்லை.' இரண்டு பிரதி எடுத்தேன். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

உத்தமனைப் பார்த்த அதே டாக்டர் கிருஷ்ணப்பாவுக்கு ஆபரேஷன் செய்தார். ஒரு மாதத்தில் கிருஷ்ணப்பா நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் வரிசையில் நின்றவர்கள், அந்தச் சிவப்புக் கண் ஆபீசரை எங்கே மாற்றினீர்கள் என்று கேட்டார்கள். அவரையே திரும்பப் போடும்படி நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றும் போனது. எழுதியது நான்தான். யாரை என்ற இடத்தில் 'பூதம் அவர்களை' என்று போட்டேன்.

படுத்த படுக்கையாகிவிட்ட உத்தமனுக்கு மேல்முறையீடு எழுத வேண்டும் என்று வனஜா கடைசியாக ஒரு தடவை வந்தார். படிவத்தைச் சுற்றி மாட்டினேன். ஏழாவது பத்திக்கு வந்ததும் கை நின்றது. நான் நடைமுறை தெரிந்தவன், யோசனை சொன்னேன். பிணம் என்று போடலாம், அது பட்டியலில் இருக்கிறது, ஆட்சேபம் வராது, இப்போது அவர் அசையாமல்தான் படுத்திருக்கிறார் என்றேன்.

வனஜா என்னைத் திட்டவில்லை. டைப்ரைட்டரில் காலியாக இருந்த ஏழாவது பத்தியில் விரல் வைத்தார்.

"மனுஷன்னு போடுங்கண்ணா," என்றார்.

பின்னிணைப்பை எடுத்து மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தேன். குதிரை இருந்தது, பிணம் இருந்தது. அவர் சொன்னது இல்லை. பட்டியலில் இல்லையேம்மா என்றேன்.